பங்கு பிரிக்க முடியாத கணக்கு

கோவையிலிருந்து திருச்சி ரோட்டில் கிளம்பினால் சிங்காநல்லூர், சூலூர், பல்லடம், காங்கேயம் தாண்டி எங்கள் வெள்ளகோவில். அதே ரோட்டில் இன்னும் போனால் கரூர், குளித்தலை, கடைசியில் திருச்சி. வாரக்கடைசியில் ஊருக்குப் போகும்போதெல்லாம் இந்த ரோட்டில்தான் பயணம். போன மாதம் ஒரு சனிக்கிழமை, டிரைவர் பென் டிரைவில் பழைய பாட்டாக ஓடிக்கொண்டிருந்தது. 'பாலும் பழமும்', 'பாசமலர்', 'ஆலயமணி' என்று வரிசையாக. பல்லடம் தாண்டியதும் கூட்டம் குறைந்தது. கண்டக்டரிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன். "ஏனுங்கண்ணா, இதெல்லாம் யார் மியூசிக்குங்க?"

"எம்மெஸ்வி தம்பி. வேற யாரு?"

அவர் சொன்னதில் பாதிதான் சரி. ஆனால் அந்தப் பாதி பதிலைத்தான் நம்மில் பெரும்பாலானோர் சொல்கிறோம். நானும் போன வருடம் வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த மூன்று படங்களுக்கும் இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி. இரண்டு பேர். 1952-ல் 'பணம்' படத்தில் ஆரம்பித்து 1965-ல் 'ஆயிரத்தில் ஒருவன்' வரை, பதின்மூன்று வருடம், ஏறக்குறைய நூறு படங்கள். அப்புறம் பிரிந்தார்கள். பிரிந்தபின் ஒருவர் மலைபோல வளர்ந்தார், இன்னொருவர் மெல்ல மெல்ல நம் வாயிலிருந்தே காணாமல் போனார்.

இந்த இரண்டாமவருக்கு நாம் செய்வது கணக்குப்படி தப்பு என்று சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கணக்கு என்று சும்மா சொல்லவில்லை. படிப்பது பி.காம். பார்ட்னர்ஷிப் அக்கவுண்ட்ஸ் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. அதற்கு இங்கேயாவது ஒரு பிரயோஜனம் இருக்கட்டும்.

முதலில் கதை.

எம்.எஸ்.விஸ்வநாதன் 1928-ல் பாலக்காடு பக்கம் எலப்புள்ளியில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தவர். சினிமாவில் அவர் எடுபிடி வேலை பார்த்து வளர்ந்தது வேறெங்கும் இல்லை, நம் சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில்தான். ஜூபிடர் பிக்சர்ஸ் அங்கே படம் எடுத்துக்கொண்டிருந்த காலம். இசையமைப்பாளர் எஸ்.எம்.சுப்பையா நாயுடுவிடம் ஆர்மோனியம் வாசிக்கும் பையனாக இருந்தார். 1948-ல் வந்த 'அபிமன்யு' படத்தில் ஒரு பாட்டுக்கு இந்தப் பையன் போட்ட மெட்டுதான் நாயுடு பெயரில் வந்தது என்றும், ஜூபிடர் சென்னைக்குக் கடை மாற்றியபோது நாயுடுவே முதலாளியிடம் அந்த உண்மையைச் சொல்லி "இவனை விட்டுவிடாதீர்கள்" என்று அனுப்பிவைத்தார் என்றும் ஒரு கதை சொல்வார்கள். யோசித்துப் பாருங்கள், தன் பெயரில் போன சரக்கு தன்னுடையது இல்லை என்று தானாகவே சொல்வதற்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும்!

டி.கே.ராமமூர்த்தி இந்த ரோட்டின் மறுமுனை. திருச்சிக்காரர். 1922-ல் பிறந்தவர், அதாவது விஸ்வநாதனைவிட ஆறு வயது மூத்தவர். பரம்பரையே வயலின் பரம்பரை. தாத்தா மலைக்கோட்டை கோவிந்தசாமி பிள்ளை அந்தக்காலத்துப் பெரிய வித்வான். ஆக ஒருவர் ஸ்டூடியோவில் டீ வாங்கிக் கொடுத்துக் கற்றுக்கொண்டவர், இன்னொருவர் தொட்டிலிலேயே வயலின் கேட்டு வளர்ந்தவர். இரண்டு பேரும் சேர்ந்து வேலை பார்த்தது சி.ஆர்.சுப்பராமன் குழுவில். விஸ்வநாதன் ஆர்மோனியம், ராமமூர்த்தி வயலின்.

சுப்பராமன் 1952-ல், வெறும் 28 வயதில் இறந்துபோனார். அவர் பாதியில் விட்ட வேலைகளை, 'தேவதாஸ்' உட்பட, இந்த இருவரும்தான் முடித்துக் கொடுத்தார்கள். பெயர் சுப்பராமனுடையதாகவே இருந்தது. அதே வருடம் என்.எஸ்.கிருஷ்ணன் இயக்கிய 'பணம்' படத்தில்தான் இருவர் பெயரும் ஜோடியாக முதல்முறை திரையில் வந்தது. இந்தியில் சங்கர்–ஜெய்கிஷன் ஜோடி கொடிகட்டிப் பறந்த நேரம் அது, இங்கேயும் அப்படி ஒரு ஜோடி என்பது எல்லோருக்கும் பிடித்திருக்கும்.

அப்போது யார் பெயர் முதலில் என்று ஒரு கேள்வி வந்ததாம். மூத்தவர் ராமமூர்த்தி, அனுபவமும் அதிகம். நியாயமாகப் பார்த்தால் ராமமூர்த்தி–விஸ்வநாதன் என்றுதான் வரவேண்டும். கலைவாணர்தான் சமாதானம் சொன்னாராம், "விசு சின்னவன், முன்னால் நிற்கட்டும், நீ பெரியவன், பின்னால் நின்று தாங்கிக்கொள்" என்கிற மாதிரி. ராமமூர்த்தியும் சரி என்று விட்டாராம். என்.எஸ்.கே. சொன்ன வார்த்தை இதேதானா என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் பெயர் அந்த வரிசையில்தான் நிலைத்தது என்பது எல்லோரும் பார்த்தது.

ஒரு பெரிய மனுஷன் விட்டுக்கொடுத்த விஷயம் அந்த நேரத்தில் சின்னதாகத்தான் தெரிந்திருக்கும். அதன் விலை பதின்மூன்று வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

அவர்கள் செய்த வேலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் பதிவு முடியாது. 1961-ஐ மட்டும் எடுங்கள். 'பாவமன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்' மூன்றும் ஒரே வருடம். 1964 இன்னும் மோசம் (நல்ல அர்த்தத்தில்). 'கர்ணன்' படத்துக்கு இந்துஸ்தானி ராகங்களும் சந்தூரும் சாரங்கியும். 'காதலிக்க நேரமில்லை' படத்தில் கல்லூரிப் பையன்கள் இன்றைக்கும் டெஸ்க் தட்டிப் பாடுகிற கும்மாளம். 'புதிய பறவை'யில் சிவாஜி நிம்மதி இல்லாமல் அலையும் காட்சியில் பின்னால் ஒரு கடல் மாதிரி எழும் வாத்தியக் கூட்டம். எம்.ஜி.ஆருக்குப் 'படகோட்டி'. இத்தனையும் ஒரே வருடத்தில், ஒரே பெயரில். இடையில் 1963-ல் சென்னை திருவல்லிக்கேணியில் விழா வைத்து 'மெல்லிசை மன்னர்கள்' என்று பட்டம் கொடுத்தார்கள். கவனியுங்கள், மன்னர்"கள்".

'பாகப்பிரிவினை' 1959-ல் வந்த படம். கூட்டுக்குடும்பம் பிரிவதைப் பற்றிய படம். அதற்கும் இசை இவர்கள்தான். ஆறு வருடத்தில் நமக்கும் இதுதான் நடக்கப்போகிறது என்று அப்போது நினைத்திருப்பார்களா என்ன!

ஏன் பிரிந்தார்கள்? இதற்கு ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். அதையெல்லாம் இங்கே கொட்டி ஜல்லியடிக்க எனக்கு விருப்பமில்லை. எங்கள் பாடப்புத்தகத்திலும் பார்ட்னர்கள் ஏன் பிரிந்தார்கள் என்று எந்தக் கணக்கிலும் எழுதியிருக்காது. "31 மார்ச் அன்று பிரிய முடிவு செய்தனர்" என்று ஒரே வரி, அவ்வளவுதான். மீதி எல்லாம் பிரிந்தபின் யாருக்கு என்ன என்பதுதான். நானும் அதைத்தான் பார்க்கப்போகிறேன்.

கூட்டு கலைந்தால் ரியலைசேஷன் அக்கவுண்ட் போடவேண்டும். மெஷின், சரக்கு, கட்டடம் எல்லாவற்றையும் விற்று, கடனை அடைத்து, மிச்சத்தைப் பிரித்துக்கொள்வது. இதில் மெஷின் ஒரு பிரச்சினையே இல்லை. மண்டை காய்வது குட்வில்லில்தான். தமிழ் மீடியம் புத்தகத்தில் 'நற்பெயர்' என்று அழகாகப் போட்டிருப்பார்கள். 1932-ம் வருட இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 14-வது பிரிவில் நற்பெயரும் கூட்டின் சொத்து என்று தெளிவாகச் சொல்கிறது. தனியாக ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால் லாபம் சரிசமம் என்கிறது 13-வது பிரிவு. கணக்கு எல்லாம் முடிகிற வரைக்கும் ஒரு பார்ட்னர் கூட்டின் பெயரைத் தனியாகப் பயன்படுத்தாமல் இன்னொருவர் தடுக்கலாம் என்கிறது 53-வது பிரிவு. ஆக சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது, பெயர்தான் பெரிய சொத்து, சண்டை அங்கேதான் வரும் என்று.

சினிமா பாட்டு ஒன்றும் எண்ணெய் மில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அந்தக் காலத்தில் பாட்டின் உரிமை பொதுவாகத் தயாரிப்பாளரிடம்தான், இசையமைப்பாளருக்குப் பேசின சம்பளத்தோடு சரி. ராயல்டியில் அவர்களுக்குப் பங்கு வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியதே 2012-ல்தான். எனவே இவர்கள் பிரிந்தபோது பிரித்துக்கொள்ளப் பணமாகப் பெரிதாக எதுவும் இருந்திருக்காது. இருந்த ஒரே சொத்து அந்தப் பெயர்தான்.

அந்தப் பெயரை யார் எடுத்துக்கொண்டார்கள்? இருவரும் எடுக்கவில்லை. அவரவர் தனிப்பெயரில் படம் செய்தார்கள். நாகரிகமான பிரிவு. ஆனால் ஊர் சும்மா இருக்குமா? பெயரில் முன்னால் நின்றவர் யாரோ அவர்தான் கடை முதலாளி என்று தீர்மானித்துவிட்டது. 'மெல்லிசை மன்னர்கள்' பட்டத்தில் 'கள்' போய், மெல்லிசை மன்னர் என்று சொன்னால் எம்.எஸ்.வி. என்றாகிவிட்டது. அன்றைக்குச் சின்னவன் முன்னால் நிற்கட்டும் என்று விட்டுக்கொடுத்ததற்குக் கிடைத்த பலன் இது.

எம்.எஸ்.வி.யைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். 1966-ல் 'அன்பே வா', 1973-ல் 'உலகம் சுற்றும் வாலிபன்', 1979-ல் 'நினைத்தாலே இனிக்கும்'. தனியாக நின்று நூற்றுக்கணக்கான படங்களில் அடித்துக் காட்டியவர். ராமமூர்த்தி இல்லாவிட்டால் அவர் பூஜ்யம் என்று சொல்பவனுக்குக் காது கேட்காது என்று அர்த்தம்.

நான் சண்டை போடுவது அதற்கு நேர் எதிர்வாதத்தோடு. "ராமமூர்த்தி தனியாக வந்தபின் இருபது படம்கூடச் செய்யவில்லை. அப்படியென்றால் ஜோடியாக இருந்தபோது வேலை பார்த்தது யார் என்று தெரியவில்லையா?" என்று கேட்கிறார்கள். எங்கள் ஹாஸ்டலில் ஒரு நண்பன் இதே லாஜிக்கைத்தான் சொன்னான். கேட்பதற்கு ரொம்பச் சரியாகத்தான் தெரியும். ஆனால் இந்த வாதத்தைப் பரீட்சையில் எழுதினால் பூஜ்யம்தான் போடுவார்கள்.

ஏனென்றால் பிரிந்தபின் வந்த வியாபாரத்தை வைத்துப் பிரிவதற்கு முன் இருந்த உழைப்பை அளக்க முடியாது. பிரிந்தபின் ஒருவருக்கு வேலை வருவது திறமையால் மட்டுமா? தயாரிப்பாளர் யாருக்கு ஃபோன் போடுவார், ஹீரோவுக்கு யார் முகம் பழக்கம், கவிஞரோடு மெட்டுக்கு உட்காரும்போது பேசியது யார் என்று எத்தனையோ இருக்கிறது. ஆர்மோனியப் பெட்டி முன்னால் உட்கார்ந்து பாடிக் காட்டுகிறவரைத்தான் வருகிறவர்கள் பார்ப்பார்கள். வயலின் கூட்டத்தை வைத்துக்கொண்டு நோட்ஸ் எழுதுகிறவரை யார் பார்க்கிறார்கள்? இது என் கணிப்புதான், ஆனால் தறி ஓட்டுகிற ஊரில் பிறந்தவனுக்கு இது புரிய அதிக நேரம் ஆகாது. குடோனில் நின்று சரக்கைச் சரிபார்க்கிற பார்ட்னரை ஈரோட்டு வியாபாரிக்குத் தெரியாது. ஆர்டர் பிடிக்கப் போகிற பார்ட்னரைத்தான் தெரியும்.

அதுவும்போக, ராமமூர்த்தி தனியாகச் செய்த படங்களைக் கேட்டிருக்கிறார்களா இவர்கள்? 'சாது மிரண்டால்', 'தேன் மழை' இரண்டும் 1966. 'நான்' 1967, 'மூன்றெழுத்து' 1968, சிவாஜிக்கு 'தங்கச் சுரங்கம்' 1969. 'நான்' படப்பாட்டு ஒன்றை இதே பஸ்ஸில் போட்டால் கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டு "எம்மெஸ்வி" என்றுதான் சொல்வார். பந்தயம் கட்ட நான் தயார்.

யார் எதைச் செய்தார்கள் என்று பிரித்துக் காட்டும் ஆசையும் பலருக்கு உண்டு. மெட்டு விஸ்வநாதன், வாத்தியக் கோர்ப்பு ராமமூர்த்தி என்று கோடு போட்டுவிடுவார்கள். இருந்திருக்கலாம். ஆனால் 'பாலும் பழமும்' பாட்டு ஒன்றை ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். பாடுகிறவர் ஒரு வரியை முடித்து மூச்சு விடும் இடத்தில் வயலின்கள் வந்து பதில் சொல்லும். அந்தப் பதில் வரும் என்று தெரிந்துதானே அந்த வரி அந்த இடத்தில் நிற்கிறது? அப்படியானால் அந்த நிறுத்தம் மெட்டா, வாத்தியக் கோர்ப்பா? 1957-ம் வருடக் காப்புரிமைச் சட்டத்தில் கூட்டுப் படைப்பு என்றால் என்ன என்று ஒரு விளக்கம் இருக்கிறது. ஒருவரின் பங்கை இன்னொருவரின் பங்கிலிருந்து தனியே பிரித்துக் காட்ட முடியாதபடி கூடிச் செய்தது என்பதுதான் அதன் சாரம். பிரிக்க முடிந்தால் அது கூட்டுப் படைப்பே இல்லையாம்! சட்டப் புத்தகத்தில் இவ்வளவு நல்ல இசை விமர்சனம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இந்தப் பிரச்சினை நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. என் அறைத்தோழன் இங்கிலீஷ் ராக் பைத்தியம், அவன் புண்ணியத்தில் 'தி பேண்ட்' என்கிற குழுவைப் பற்றித் தெரிந்துகொண்டேன். (பேண்டுக்குப் பெயரே பேண்ட்!) நான்கு கனடாக்காரர்கள், அமெரிக்காவின் ஆர்கன்சாவிலிருந்து ஒரு டிரம்ஸ்காரர் லெவோன் ஹெல்ம். பாப் டிலனுக்குப் பின்பாட்டாக வாசித்துப் பெயர் வாங்கி, 1968-ல் தனி ஆல்பம் போட்டு, 1976 நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் பெரிய விடைபெறும் கச்சேரி நடத்தி முடித்துக்கொண்டார்கள். மார்ட்டின் ஸ்கோர்செஸி அதை 'தி லாஸ்ட் வால்ட்ஸ்' என்று படமாகவே எடுத்தார்.

படத்தில் எல்லாம் சுபம். ஆனால் பிற்பாடு பெரும்பாலான பாட்டுகளின் உரிமை கிட்டாரிஸ்ட் ராபி ராபர்ட்சன் பெயரில் இருந்தது பெரிய புகைச்சலானது. எல்லோரும் ஒரே வீட்டில் உட்கார்ந்து உருட்டி உருட்டிச் செய்த பாட்டுக்கு ஒருத்தர் பெயர் எப்படி என்று ஹெல்ம் 1993-ல் புத்தகமே எழுதினார். நான்தானே எழுதினேன் என்பது ராபர்ட்சன் கட்சி. 2012-ல் ஹெல்ம் இறந்தார், 2023-ல் ராபர்ட்சன், 2025-ல் கடைசி ஆளான கார்த் ஹட்சனும் போய்விட்டார். ஐவரும் இல்லை, வழக்கு மட்டும் ரசிகர்கள் நடுவில் நடந்துகொண்டிருக்கிறது.

சங்கர்–ஜெய்கிஷன் விஷயம் வேறு மாதிரி. 1971-ல் ஜெய்கிஷன் இறந்தபின்னும் சங்கர் 1987-ல் தான் சாகும்வரை இருவர் பெயரையும்தான் போட்டார். வியாபார புத்தி என்றும் சொல்லலாம், மரியாதை என்றும் சொல்லலாம். எனக்கு மரியாதை என்றுதான் படுகிறது.

நம் ஆட்கள் கனடாக்காரர்களைவிட ஒரு விஷயத்தில் தேவலை. சேர்ந்து செய்த அத்தனை படத்துக்கும் இரண்டு பெயரும் உண்டு. இது என்னுடையது, அது உன்னுடையது என்று பாட்டுவாரியாகக் கூறுபோட்டு எழுதிவைக்கவில்லை. கணக்கை அவர்கள் சுத்தமாகத்தான் முடித்தார்கள். பின்னால் திருத்தி எழுதுவது கேசட் அட்டைக்காரர்களும், பென் டிரைவில் 'எம்.எஸ்.வி. ஹிட்ஸ்' என்று ஃபோல்டர் போடுகிறவர்களும், நாமும்தான்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். அப்பாவும் அவர் சிநேகிதரும் சேர்ந்து பதினோரு வருடம் பெட்ஷீட் தறி போட்டிருந்தார்கள். பிரிந்தபோது தறிகளைப் பாதிப்பாதி பிரித்தார்கள். நூல் கடனைக்கூடப் பைசா சுத்தமாகப் பிரித்தார்கள். போர்டில் இருந்த பெயர் மட்டும் அவருக்கே போகட்டும், அவர் குழந்தை பெயர்தானே என்று அப்பா விட்டுவிட்டார். இன்றைக்கு சந்தையில் அந்தப் பெயரைச் சொன்னால் ஒருத்தருக்கும் அப்பா ஞாபகம் வருவதில்லை. அந்தப் பெட்ஷீட்டில் ஓரத்துக் கட்டம் அப்பா போட்ட டிசைன். அது இன்னும் அந்தப் பெயரில்தான் போகிறது. தப்பு அவர் மேல் இல்லை, பெயரை விட்டது அப்பா. ஆனாலும்.

ராமமூர்த்தியும் விஸ்வநாதனும் பகையாளியாகச் சாகவில்லை என்பது ஒரு ஆறுதல். 1995-ல் 'எங்கிருந்தோ வந்தான்' என்று சத்யராஜ் படம் ஒன்று வந்தது. முப்பது வருடம் கழித்து டைட்டிலில் மறுபடி அதே ஜோடிப் பெயர், அதே வரிசையில். படம் பெரிதாகப் பேசப்படவில்லை, ஜனங்கள் ரஹ்மானைக் கேட்டுக்கொண்டிருந்த வருடம் அது. 2012 ஆகஸ்டில் முதல்வராக இருந்த ஜெயலலிதா இருவரையும் ஒரே மேடையில் உட்காரவைத்து, 'திரை இசைச் சக்கரவர்த்தி' பட்டமும் ஆளுக்கு 60 பொற்காசும் ஒரு காரும் கொடுத்தார். அவர் தமிழில் அறிமுகமான 'வெண்ணிற ஆடை'க்கும் இவர்கள்தான் இசை. பிரிவதற்கு முன் ஜோடி கடைசியாகச் சேர்ந்து செய்த 'ஆயிரத்தில் ஒருவ'னிலும் அவர்தான் நாயகி. பட்டம், காசு, கார் எல்லாம் சரிசமம். 13-வது பிரிவு! அடுத்த ஏப்ரலில் ராமமூர்த்தி இறந்தார். 2015 ஜூலையில் விஸ்வநாதனும்.

அன்றைக்கு பஸ்ஸில் கண்டக்டரிடம் இரண்டு பெயரையும் சொன்னேன். "அப்படியா தம்பி" என்று கேட்டுக்கொண்டு விசில் அடிக்கப் போய்விட்டார். வீட்டுக்கு வந்ததும் அப்பாவைக் கேட்டேன். தறிச்சத்தத்தில் பாதி வாழ்நாள் போனதால் அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், சத்தமாகத்தான் கேட்கவேண்டும்.

"அப்பா, 'பாகப்பிரிவினை' யாருங்க மியூசிக்?"

"விஸ்வநாதன்ராமமூர்த்தி" என்றார், ஒரே ஆளுடைய பெயர் மாதிரி, நடுவில் மூச்சே விடாமல்.